அரண்மனைக்காரத் தெருவில் அரண்மனை இல்லை

பாரிமுனையில் இறங்கி, உயர் நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள தெருக்களுக்குள் நுழைந்தால் அரண்மனைக்காரத் தெரு வரும். அங்கே அரண்மனை எதுவும் கிடையாது. 'ஆர்மீனியன்' என்ற சொல் நம் ஊர் நாக்கில் புரண்டு 'அரண்மனைக்காரன்' ஆகிவிட்டது. பாரசீகத்திலிருந்து வணிகத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட ஆர்மீனியர்கள் 1772இல் கட்டிய தேவாலயம் இன்றும் அந்தத் தெருவில் இருக்கிறது. தமிழில் அவர்கள் பெயர்தான் இல்லை. அவர்கள் தங்களை என்னவென்று சொல்லிக்கொண்டார்கள் என்பது போய், நாம் அவர்களை என்னவாகக் கேட்டோம் என்பது மட்டும் மிஞ்சியிருக்கிறது.

புலம்பெயர்ந்து வந்த எல்லோருக்கும் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. பெயர் வைப்பது இருக்கிற ஊர், வந்தவர் அதைச் சுமக்கிறார். 'பர்மாக்காரர்', 'சேட்டு', 'அகதி', இப்போது 'வடக்கன்'. இப்படி மற்றவர் வைத்த பெயருக்கு உள்ளே இருந்துகொண்டு தன் குரலில் பேச ஒரு சமூகம் என்ன செய்யலாம்? சமூக ஊடகம் என்றால் இன்று எல்லோரும் கைபேசிச் செயலிகளைத்தான் நினைக்கிறோம். நான் சொல்ல வருவது அதற்கு முந்தைய பொருளை: ஒரு சமூகம் தனக்காகத் தானே நடத்தும் பத்திரிகை, வானொலி, ஒலிப்பதிவு. வட சென்னையில் இதற்கு முன்மாதிரி தேடி வெளியே எங்கும் போகவேண்டியதில்லை. அது இதே தெருவோடு சேர்ந்த கதை.

ஹருத்யுன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார் பாரசீகத்தின் ஷிராஸ் நகரத்தவர். அடுத்தடுத்து இரண்டு மகன்களைப் பறிகொடுத்தவர். மதராஸுக்கு வந்து அச்சகம் வைத்தார். 1794 அக்டோபரில் 'அஸ்தரார்' என்ற மாத இதழைத் தொடங்கினார். செய்தி சொல்பவர் என்று அதற்குப் பொருள் சொல்லலாம். உலகத்தில் ஆர்மீனிய மொழியில் வெளிவந்த முதல் பத்திரிகை அதுதான். தாயகத்தில் எவரும் தொடங்குவதற்கு முன்னால், பல்லாயிரம் கல் தொலைவில், கிழக்கிந்தியக் கம்பெனியின் துறைமுகத்தில், சில நூறு குடும்பங்கள்கூட இருந்திராத ஒரு கூட்டத்துக்காக அது அச்சானது. 18 இதழ்கள் வந்தன. 1796இல் நின்றுவிட்டது. 1824இல் ஷ்மாவோனியன் இங்கேயே இறந்தார். அவர் கல்லறை அந்தத் தேவாலய வளாகத்தில்தான் இருக்கிறது.

அந்த இதழில் என்ன இருந்தது என்பதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். சந்தையில் என்ன விலை, துறைமுகத்துக்கு எந்தக் கப்பல் வருகிறது, பாரசீகத்திலிருக்கும் உறவுகளுக்கு என்ன நடந்தது, சமூகத்துக்குள் என்ன தகராறு. பெருமை பேசும் மலராக அது தொடங்கவில்லை. காலையில் எழுந்து கடை திறக்கிறவனுக்குப் பயன்பட வேண்டும் என்று தொடங்கியது. கோட்டையில் இருந்த வெள்ளைக்காரனுக்கு ஆர்மீனியர்களைப் பற்றி விளக்குவதும் அதன் வேலையில்லை. ஆர்மீனியர் ஆர்மீனியரிடம் பேசிக்கொண்டார்கள். என்ன போடுவது, எப்போது நிறுத்துவது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். சமூக ஊடகம் என்பதற்கு இதைவிடத் தெளிவான இலக்கணம் எனக்குத் தெரியாது.

இப்போது மணலிக்கு வருவோம்.

கன்டெய்னர் யார்டுகளும் குடோன்களும் நெருங்கிய பகுதியில் ஒரு லேபர் ஷெட். தகரக் கூரை. உள்ளே ஒரே ஒரு சுவிட்ச் போர்டு, அதிலிருந்து கிளை பிரிந்து பத்துப் பன்னிரண்டு சார்ஜர்கள். தரையில் ஈரம் என்பதால் கைபேசிகளைப் பிளாஸ்டிக் பைகளில் போட்டு ஆணியில் தொங்கவிட்டிருந்தார்கள். முந்தின இரவு மழை பெய்து, வாசலில் முழங்காலுக்குத் தண்ணீர் நின்றது. ஒடிசாவிலிருந்து வந்த ஒருவர் பையிலிருந்து கைபேசியை எடுத்து அவசர அவசரமாகச் செய்தி பார்த்தார். கேந்திரபாடாவில் மழை நிலவரம். தன் ஊர் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இங்கே புழல் ஏரி திறக்கப்படுமா, கொசஸ்தலை ஆற்றோரம் எச்சரிக்கை உண்டா என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அவர் நிற்கிற இடத்தைப் பற்றி அவருக்குப் புரிகிற மொழியில் சொல்ல எவரும் இல்லை. செங்குன்றத்து அரிசி ஆலைகளில், மீஞ்சூர்ப் பக்கக் கட்டுமானங்களில், மாதவரம் கிடங்குகளில் இதே நிலைதான். உடல் இங்கே, செய்தி ஊரிலிருந்து.

இந்த இடைவெளி எவ்வளவு ஆபத்தானது என்பதை 2023 மார்ச்சில் பார்த்தோம். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தேடித் தேடி வெட்டுகிறார்கள் என்று காணொளிகள் பரவின. வேறு காரணங்களுக்காக நடந்த சண்டைகளின் படங்கள் அவை. ஹோலிக்கு ஊருக்குப் போக ரயில் நிலையத்தில் திரண்ட கூட்டம் 'உயிருக்குப் பயந்து ஓடுகிறவர்கள்' ஆக்கப்பட்டது. பீகார் சட்டமன்றத்தில் அமளி நடந்தது. அந்த மாநிலம் நான்கு பேர் குழுவை இங்கே அனுப்பியது. தமிழ்நாடு காவல்துறை இந்தியில் விளக்கம் வெளியிட்டது, பொய் பரப்பியவர்கள் மீது வழக்குப் போட்டது. அரசு வேகமாகத்தான் இயங்கியது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மணலி ஷெட்டில் இருப்பவருக்கு, பக்கத்துத் திருவொற்றியூரில் என்ன நடக்கிறது என்ற செய்தி பாட்னா வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தது. 'நாங்கள் இங்கே நன்றாகத்தான் இருக்கிறோம்' என்றோ, 'இன்ன இடத்தில் இன்ன பிரச்சினை உண்மை' என்றோ அவரே சொல்லவும், மற்றவர்கள் அதை நம்பவும் ஒரு மேடை இல்லை. அப்படி ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் வதந்தி பாதி வழியிலேயே நின்றிருக்கும். நம்பிக்கை ஒரே நாளில் வருவதில்லை. தினமும் விலையும் மழையும் சொன்ன குரலைத்தான் கலவர நாளில் மக்கள் நம்புவார்கள்.

2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து ஒன்பது தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் அசாம்காரர்கள். மறுநாள் டீக்கடையில் எல்லோரும் 'வடமாநிலத்தவர்' என்றே பேசினோம். அசாம் இருப்பது வடகிழக்கில். அங்கேயும் ஒரு மொழி இல்லை, பல மொழிகள். நாம் அக்கறையோடுதான் பேசினோம், ஆனாலும் இறந்தவர்களின் திசையைக்கூட நாமே வைத்தோம். கூட வேலை செய்தவர்கள் அந்தச் சாரத்தைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பது எனக்குத் தெரிந்து எந்த டீக்கடைக்கும் வந்து சேரவில்லை.

இந்தியில் பத்திரிகை இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 'ராஜஸ்தான் பத்திரிகா' சென்னையிலேயே பதிப்பு நடத்துகிறது. சௌகார்பேட்டையில் காலையில் கடை திறக்கும்போது அதைப் பார்க்கலாம். தெலுங்குக்கும் இங்கே பெரிய வரலாறு உண்டு. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1908இல் பம்பாயில் தொடங்கிய 'ஆந்திர பத்திரிகா' 1914இல் மதராஸுக்கு வந்து நாளிதழானது. ஆனால் இவை விளம்பரம் தரக்கூடிய வணிகரும், வாங்கிப் படிக்கக்கூடிய படிப்பாளியும் உள்ள சமூகங்கள். ஷெட்டில் தங்குகிறவர் விளம்பரமும் தரமாட்டார், சந்தாவும் கட்டமாட்டார். ஆறு மாதத்தில் இடமும் மாறிவிடுவார். ஒரே இந்தி பேசினாலும் சௌகார்பேட்டை நகைக்கடைக்காரரும் கொருக்குப்பேட்டை மூட்டை தூக்குகிறவரும் ஒரு சமூகம் ஆகிவிடமாட்டார்கள்.

மொழி ஒன்றாக இருந்தாலே போதும் என்பதும் உண்மையில்லை. வட சென்னை அதற்கும் சாட்சி. 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடைகள் நாட்டுடைமையாகி, 1964இல் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாதவையான பிறகு, லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் கப்பலேறித் திரும்பினார்கள். வியாசர்பாடியின் காலனிகள் அவர்களால் நிறைந்தன. ரங்கூனில் அவர்களுக்குப் பத்திரிகை இருந்தது. வெ. சாமிநாத சர்மா 1937இல் தொடங்கி 'ஜோதி' என்ற மாத இதழை அங்கேதான் நடத்தினார். 1942இல் ஜப்பானியக் குண்டுவீச்சுக்குப் பின் அவரும் நடந்தே இந்தியா வந்தவர். அன்னிய மண்ணில் அச்சுக்கூடமும் ஆசிரியரும் இருந்த சமூகம், தமிழ் பேசும் மண்ணுக்கு வந்ததும் வாயில்லாததாகிவிட்டது. 'நம்மாளுதானே, தமிழ்தானே, தனியா என்ன பத்திரிகை?' என்று இங்கே எல்லோரும் நினைத்திருப்போம். விட்டுவந்த சொத்து, அங்கேயே தங்கிவிட்ட தங்கை, பாதியில் நின்ற பர்மியப் படிப்பு, இதெல்லாம் சென்னைப் பத்திரிகைக்குச் செய்தியில்லை.

மிஞ்சியது 'அதோ' என்ற பர்மியப் பலகாரம். பீச் ஸ்டேஷன் எதிரே, பர்மா பஜார் ஓரம், தள்ளுவண்டியில் மஞ்சள் நூடுல்ஸை அகலப் பாத்திரத்தில் போட்டு, நறுக்கிய கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டெண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், நொறுக்கிய பேஜோ (மொறுமொறுப்பாகப் பொரித்த பர்மியத் தட்டை) என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கையாலேயே பிசைந்து தருவார்கள். பக்கத்தில் வாழைத்தண்டு சூப் கொதிக்கும். பிசைவதற்கான பர்மியச் சொல்லே அந்தப் பலகாரத்தின் பெயர். ஊரே சாப்பிடுகிறது, படம் எடுத்துப் போடுகிறது. எனக்கும் பிடிக்கும். ஆனால் சாப்பாட்டை ருசித்துவிட்டால் சமூகத்தைக் கேட்டுவிட்டதாக ஆகிவிடாது. வண்டிக்காரரின் பாட்டி எந்தத் துறைமுகத்தில் எதை இழந்தார் என்று தட்டு சொல்லாது. முதல் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. வியாசர்பாடியில் ஒரு பழைய கைபேசியும் பொறுமையும் இருந்தால் இன்னும் பதிவு செய்யலாம். இன்னும் ஐந்து வருடம் கழித்து யாரிடம் போய்க் கேட்பது?

புழல் காவாங்கரையில் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமும் இதே கணக்கில்தான் வரும். 2021இல் தமிழ்நாடு அரசு 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது, 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. நல்ல மாற்றம், வரவேற்றேன். இருந்தாலும் முகாமில் பிறந்து முகாமிலேயே பிள்ளை பெற்ற ஒருவர், குடியுரிமையில்லாமல் வேலைக்கு விண்ணப்பிப்பது எப்படி இருக்கிறது என்று தன் வாயால் தொடர்ந்து பேச ஓர் இடம் வேண்டாமா? அவர்களைப் பற்றி எல்லோரும் மேடை போட்டுப் பேசியிருக்கிறோம். மைக்கை அவர்கள் பக்கம் திருப்பியது குறைவு.

சரி, சட்டம் என்ன அனுமதிக்கிறது? அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது. 2002இல் கல்வி நிறுவனங்களுக்குச் சமூக வானொலி உரிமம் கிடைத்தது. அதன்படி நாட்டின் முதல் சமூக வானொலி 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்தில், நம் ஊர்க் கிண்டியிலேயே, ஒலிபரப்பானது. 2006இல் தொண்டு அமைப்புகளுக்கும் கதவு திறந்தது. 100 வாட் அளவிலான சிறிய ஒலிபரப்பு, ஐந்து முதல் பத்து கிலோமீட்டர் வரை கேட்கும். கட்டடம் நெருங்கிய இடத்தில் இன்னும் குறையும். தண்டையார்பேட்டையில் ஒரு கோபுரம் வைத்தால் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, ராயபுரம் எல்லாம் அடங்கிவிடும். தனி நபருக்கும் அரசியல் கட்சிக்கும் உரிமம் கிடையாது. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கேற்று உருவாக்கியதாக இருக்க வேண்டும். 2024 விதிகளின்படி மணிக்கு 12 நிமிடம் விளம்பரம் போடலாம்.

இரண்டு இடத்தில் சிக்கல். ஒன்று, சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பக் கூடாது. ஆகாசவாணிச் செய்தியை அப்படியே மறு ஒலிபரப்பு செய்யலாம், அவ்வளவுதான். வானிலை, போக்குவரத்து, வேலைவாய்ப்பு, தண்ணீர், மின்தடை பற்றிய அறிவிப்புகளுக்குத் தடை இல்லை. சாரம் சரிந்ததைச் செய்தியாகச் சொல்ல முடியாது. சாரத்தில் ஏறுமுன் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லலாம். இந்தத் தடை நியாயமில்லை என்பதே என் எண்ணம். ஆனால் இருக்கிற இடத்திலேயே நிறைய செய்யலாம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் உர ஆலையின் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தபோது, மூச்சுத் திணறி எழுந்தவர்கள் ஒருவரையொருவர் கதவைத் தட்டி எழுப்பிக்கொண்டு ஓடினார்கள். அப்படி ஓர் இரவில், எந்தப் பக்கம் ஓடக்கூடாது என்று தமிழோடு சேர்த்து இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளியிலும் சொல்ல ஒரு குரல் இருந்தால் அது உயிர் காக்கும்.

இன்னொரு சிக்கல் மொழி. நிகழ்ச்சிகள் இயன்றவரை உள்ளூர் மொழியிலும் வட்டார வழக்கிலும் இருக்க வேண்டும் என்கிறது விதி. எழுதியவர்களின் நோக்கம் நல்லது: டில்லி இந்தியும் ஆங்கிலமும் கிராமத்து வழக்கை விழுங்கிவிடக் கூடாது. ஆனால் மணலியில் உள்ளூர் மொழி எது? தமிழ்தான், சந்தேகமில்லை. அந்தக் கோபுரத்தின் எல்லைக்குள் தூங்கி எழுகிறவர்கள் பேசும் மொழிகளும் உள்ளூர் மொழிகள்தான் என்று படிக்க அந்த விதியில் இடம் இருப்பதாகவே நினைக்கிறேன். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். இந்தித் திணிப்பை எதிர்த்த மண்ணில் இந்தி நிகழ்ச்சியா என்பார்கள். மேலிருந்து அரசு ஒரு மொழியைத் திணிப்பதும், மூட்டை தூக்குகிற ஒருவர் தன் தாய்மொழியில் தன் கூலியைப் பற்றிப் பேசுவதும் ஒன்றாகுமா? போஜ்புரியும் மைதிலியும் இந்தியின் நிழலில் குரல் குறைந்த மொழிகள். அவற்றைக் கேட்கும் காது தமிழனுக்கு இருக்க வேண்டும்.

சிங்கப்பூரை நினைத்துப் பாருங்கள். கோ. சாரங்கபாணி 1935 ஜூலை 6 அன்று தொடங்கிய 'தமிழ் முரசு' இன்றும் வருகிறது. துறைமுகத்திலும் ரப்பர் தோட்டத்திலும் உடலுழைத்த தமிழர்களிடம் அது அவர்கள் மொழியில் பேசியது. 1950களில் குடியுரிமைக்கு விண்ணப்பியுங்கள் என்று வற்புறுத்தியது. மாணவர் மணிமன்றம் என்று இளையவர்களுக்குப் பக்கம் ஒதுக்கி எழுத்தாளர்களை வளர்த்தது. அங்கே நம்மவருக்கு எது வேண்டியிருந்ததோ அதுவே இங்கே வருகிறவருக்கும் வேண்டியிருக்கிறது.

வானொலிக் கோபுரம்தான் வழி என்றும் இல்லை. சத்தீஸ்கரில் சுப்ராங்ஷு சௌத்ரி 2010இல் தொடங்கிய 'சிஜிநெட் ஸ்வரா' சாதாரணக் கைபேசியிலேயே ஓடியது. ஓர் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் திரும்ப அழைப்பு வரும். சொல்ல வேண்டியதைச் சொல்லலாம், சரிபார்த்த பின் மற்றவர்கள் அதே எண்ணில் கேட்கலாம். கோண்டி பேசும், எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் கூலி வரவில்லை, கைபம்பு ஓடவில்லை என்று பேசினார்கள். பாம்பனில் 2016இல் தொடங்கிய 'கடல் ஓசை' மீனவர்களுக்குக் காற்றும் அலையும் சொல்லித்தான் காது பிடித்தது. அங்கேயும் 'அஸ்தரார்' சூத்திரம்தான்: முதலில் பயன்படு, பிறகு பேசு.

வட சென்னையில் தொடங்குவதானால் ஞாயிற்றுக்கிழமையில் தொடங்க வேண்டும். அன்றுதான் பணம் அனுப்பும் கடையில் வரிசை நிற்கும், ரீசார்ஜ் கடையில் கூட்டம் இருக்கும், ஒடியாக்காரர் ஒடியாக்காரரைப் பார்ப்பார். அந்தக் கடை வாசலில் ஓர் எண்ணை எழுதி ஒட்டலாம். ஆனால் அவசரப்படக் கூடாது. குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது எளிது. கான்ட்ராக்டர் கேட்பார், மேஸ்திரி கேட்பார், மறுநாள் வேலை இருக்காது. நான் சில காலம் முன்பு ஒரு சிறு பதிவு முயற்சியில் இருந்தேன். கூலி பாக்கி பற்றிப் பேசிய ஒருவரின் பதிவைப் பெயர் நீக்கிக் குழுவில் போட்டோம். இருமல் நீங்கவில்லை. அவருக்கு இருமும் பழக்கம். இரண்டே நாளில் அவரை அடையாளம் கண்டுவிட்டார்கள், வேறு சைட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தத் தவறு எங்களுடையது. யார் பேச்சை எப்போது வெளியிடுவது, எதை வேறொருவர் குரலில் வாசிப்பது என்று முடிவு செய்கிறவர் அவர்களில் ஒருவராக இருந்திருந்தால், முதலில் அந்த இருமலைத்தான் வெட்டியிருப்பார். வெளியிலிருந்து வந்த எங்களுக்கு அது கேட்கவே இல்லை.

வட சென்னைக்காரர்களுக்கு இது புரியாத விஷயமும் அல்ல. சினிமாவில் அரிவாளும் அழுக்குமாக நம்மை யாரோ காட்டிக்கொண்டே இருக்க, கானா நம் வாயிலிருந்து வந்தது. சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் டேப் அடித்துப் பாடிய பாட்டுதான் இந்தப் பகுதியின் முதல் சமூக ஊடகம் என்பேன். பிறர் சொல்லும் நம்மையும் நாம் சொல்லும் நம்மையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஊர் இது.

சென்ற மாதம் ஓர் ஆரம்ப சுகாதார மையத்தில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தேன். முன்னால் ஒரு தாயும் மகளும். தாய்க்குத் தமிழ் வராது. பீகார் பக்கம். மகள் மாநகராட்சிப் பள்ளியில் ஆறாம் வகுப்பு, சீருடையோடு வந்திருந்தாள். நர்ஸ் கேட்பதைத் தாயிடம் சொல்லி, தாய் சொல்வதை நர்ஸிடம் சொன்னாள். "தலைசுத்துதாம் சிஸ்டர். காலைல சாப்பிடலையாம்." அச்சு அசல் தண்டையார்பேட்டைத் தமிழ். நர்ஸ் எழுதிக்கொண்டார். பெண் கொஞ்சம் நின்றாள், தாயைப் பார்த்தாள், பிறகு குரலைத் தாழ்த்தி, "இது அம்மா சொல்லல, நான் சொல்றேன் சிஸ்டர். நைட்டும் சாப்பிடல" என்றாள்.